சனிக்கிழமை எழுதிய செவ்வாய்க்கிழமை

அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் நாற்பத்தொரு பேர். அவர்களில் ஒருத்தி மற்ற நாற்பது பேருக்கும் அண்ணி. நியாயமாகப் பார்த்தால் ஒருவனுக்குத்தான் அண்ணி; கலவைக்கூடத்தில் ஆசிட் கலக்குகிறவன் அவள் புருஷனுடைய தம்பி. அவன் மாடிப்படிக்குக் கீழே நின்று "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லார் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. வாட்ச்மேன் அவளைவிடப் பதினைந்து வயது பெரியவர், அவருக்கும் அண்ணிதான். முதலாளி மட்டும் "அம்மா" என்பார். ஏதாவது காரியம் ஆக வேண்டியிருந்தால் அவரும் அண்ணி என்பார்.

தரை துடைக்கிற திரவமும் கழிவறையில் ஊற்றுகிற ஆசிட்டும் தயாராகிற இடம் அது. கீழே கலவைக்கூடம், அதையொட்டிக் கிடங்கு, அப்பால் பாட்டிலில் அடைக்கிற இயந்திரங்கள். மேலே தகரக் கூரைக்கு அடியில் ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, நாலு இரும்பு அலமாரி. அண்ணியின் உத்தியோகம் அங்கே. ஆசிட் கலக்கக் கீழே ஆறு பேர். ஒழுங்காகத்தான் கலக்குகிறோம் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் காட்ட மேலே இவள் ஒருத்தி. அறையின் உள்பக்க ஜன்னலில் நின்றால் கலவைக்கூடம் முழுக்கத் தெரியும். வேறு இடம் இல்லாததால் அந்த ஜன்னலை அடைத்துத்தான் அலமாரிகளை வைத்திருந்தார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு தாள். தாளில் முப்பத்திரண்டு வரி. தீயணைப்பு உருளை, சரி. கிடங்கின் வெப்பநிலை, இருபத்தேழு, சரி. காற்று வெளியேற்றும் விசிறி ஓடுகிறது, சரி. கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறது, பார்த்த நேரம் 9.10, சரி. கடைசியில் கையெழுத்து. ஆசிட் தெறித்தால் ஓடிப்போய்க் கண்ணைக் காட்டுவதற்காக வைத்திருக்கிற குழாய் அது. இரண்டு பக்கமும் மேல்நோக்கித் தண்ணீர் பீய்ச்சும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். முந்தின இரண்டு நாளும் அவளைச் சரக்கு ஏற்றுகிற இடத்துக்கு அனுப்பியிருந்தார்கள், தாள் எழுத நேரமில்லை. காலித் தாளைப் பார்த்த இன்ஸ்பெக்டர் நோட்டீஸ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி குதித்த குதியில் கூரைத் தகரம் அதிர்ந்தது. "தாள் காலியா மட்டும் இருக்கக் கூடாது. வேற எப்படி வேணா இருக்கட்டும்!" என்றார். சொன்னதைச் செய்கிறவள் அண்ணி, எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ரகம். அந்த வாரத்திலிருந்து, சனிக்கிழமை மத்தியானம் இயந்திரங்களை நிறுத்திக் கழுவுகிற நேரத்தில், அடுத்த வாரத்துக்கான ஆறு தாள்களையும் எழுதி முடித்து மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்தாள். தினமும் காலையில் அன்றைய தாளை எடுத்து ஃபைலில் செருகினால் தீர்ந்தது வேலை.

ஏனோதானோ என்று எழுதவும் மாட்டாள். மூன்று பேனாக்கள் வைத்திருந்தாள். திங்களுக்கு நீலம், புதனுக்குக் கறுப்பு, நடுவில் மை தீரப்போகிற ஒன்று. கிடங்கின் வெப்பநிலையை இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தேழரை என்று மாற்றி மாற்றிப் போடுவாள். வெள்ளிக்கிழமை கொஞ்சம் புழுக்கமாக இருக்கட்டும் என்று அரை டிகிரி கூட்டுவாள். முதல் வருஷம், எழுதின தாளைக் கையில் எடுத்துக்கொண்டு தினமும் கீழே இறங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தாள். எல்லாம் எழுதினபடியே இருந்தது. அப்புறம் வாரம் ஒரு தடவை போனாள். அப்போதும் எழுதினபடியே இருந்தது. அப்புறம் போவதை விட்டுவிட்டாள். இப்படிப் பதினேழு வருஷம் ஓடியது.

இதெல்லாம் ரகசியமும் இல்லை. சனிக்கிழமை வேலை முடிந்து போகும்போது கொழுந்தன் படிக்குக் கீழே நின்று குரல் கொடுப்பான்.

"அண்ணி, வர்ற வியாழக்கிழமை எப்படி இருக்கும்?"

"சரியா இருக்கும்."

"அப்ப நான் எதுக்கு வரணும்? லீவு போட்டுடறேன்."

பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். கலவைக்கூடத்து மேஸ்திரியும் சிரிப்பார். மேலே அண்ணி அடுத்த தாளை எடுப்பாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் மாரடைப்பில் போய்விட்டான். அவள் ஒரு வாரம் லீவு. மேஸ்திரி சாவி வாங்கிப் போய்ச் செருகியதில், அந்த ஒரு வாரமும் ஃபைலில் அவள் கையெழுத்து இருந்தது, ஒன்பது பத்துக்குக் குழாயைப் பார்த்திருந்தாள், கிடங்கில் இருபத்தெட்டு டிகிரி. லீவு முடிந்து வந்தவள் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். பிழை ஒன்றும் இல்லை. அடுத்த வாரத்துத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் பெரிதாகத் தோன்றுவதில்லை. சிரிக்கிற இடத்தில் சிரித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். உள்ளே மரத்துப் போயிருந்தது. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவளுக்கு, நாலு வருஷமாக.

புருஷன் போன பிறகும் அதே வீட்டில்தான் இருந்தாள். இரண்டு அறை, ஒரே சமையலறை. கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும் ஓர் அறையில், இவள் ஓர் அறையில். ஓரகத்தி நல்லவள். வாய் கொஞ்சம் நீளம், கையும் அதே அளவுக்குத் தாராளம். "அக்கா சாப்பிட்டாங்களா?" என்று கேட்காமல் அவள் தட்டில் கை வைத்ததில்லை.

புதுச் சட்டம் வந்தது போன வருஷக் கடைசியில். மாதம் ஒரு தடவை வருகிற ஆலோசகர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, முதலாளிக்கும் அவர் மகனுக்கும் அண்ணிக்கும் விளக்கினார்.

"பதினோரு சட்டத்தை ஒண்ணா சேர்த்துட்டாங்க சார். வியாபாரம் பண்றவங்களுக்கு ரொம்பச் சுலபம்."

பதினொன்று ஒன்றானது. தாளில் முப்பத்திரண்டு வரி ஐம்பத்தெட்டானது. எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்ற வேண்டும். இணையதளம் இன்னும் தயாராகவில்லை, அதுவரை தாள்தான் என்றார் ஆலோசகர். ஆசிட் கலக்குகிற இடத்தில் கண் கழுவும் குழாய் ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்றார். கடைசியாக, பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார்.

"முன்னாடி எது நடந்தாலும் முதலாளிதான் பொறுப்பு. இப்ப அப்படி இல்ல. நிறுவனம் ஒருத்தரைப் பொறுப்பு அலுவலர்னு எழுதிக் கொடுக்கணும். பதிவுல பொய் இருந்தா அவங்க பதில் சொல்லணும். ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு."

முதலாளி மகனைப் பார்த்தார். மகன் கூரையைப் பார்த்தான். பிறகு இருவரும் ஒரே திசையில் திரும்பினார்கள்.

"அண்ணி, நீங்கதானே எல்லாத்தையும் பார்த்துக்கறீங்க" என்றார் முதலாளி. "சும்மா பேருக்குத்தான்."

ஒப்புக்குச் சப்பாணி என்றுதான் அவளும் நினைத்தாள். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வாசலில் போர்டு மாட்டினார்கள்: பொறுப்பு அலுவலர், அதன் கீழே அவள் பெயர். அவளுக்கு ஒரு பெயர் இருப்பதே பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, இரண்டாவது குழாயைப் பொருத்த பிளம்பர் வந்தான். வெளியாள் உள்ளே வர அண்ணியின் கையெழுத்து வேண்டும். "வேலை: கண் கழுவும் குழாய்" என்று இருந்த சீட்டில் போட்டுக் கொடுத்தாள். புதிதை இணைக்க வேண்டுமென்றால் பழையதுக்குப் போகிற தண்ணீரை நிறுத்தாமல் முடியாது என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். அவளுக்குத் தோன்றவில்லை. பிளம்பர் வால்வை மூடினான், பாதி வேலையில் ஏதோ சாமான் போதவில்லை, நாளைக்கு வருகிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். கண்ணுக்கு இரண்டு குழாய் வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்த ஒரே காரணத்தால் இருந்த ஒன்றும் வறண்டு கிடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அண்ணி அன்றைய தாளை எடுத்து ஃபைலில் செருகினாள். பத்து நாற்பதுக்குக் கீழே கூச்சல். கேன் சரிந்து ஆசிட் கொழுந்தன் முகத்தில் தெறித்திருந்தது. நீராவி படிந்த பாதுகாப்புக் கண்ணாடியைத் துடைப்பதற்காக நெற்றிக்கு ஏற்றிவிட்ட அந்த ஒரு நிமிஷத்தில். அவன் கண்ணை மூடிக்கொண்டே நேராகக் குழாய்க்கு ஓடினான், ஒன்பது வருஷமாகப் பழகிய வழி. திருகினான். காற்று மட்டும் வந்தது. மறுபடி திருகினான். அங்கிருந்து முற்றத்தைக் கடந்து, கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீர்ப் பீப்பாயைத் தேடித் தடுமாறி, இரண்டு தடவை விழுந்து எழுந்து போய்ச் சேர்வதற்குள் நாலு நிமிஷம் ஆகிவிட்டது.

அண்ணி படியிறங்கி வந்தபோது அவன் பீப்பாய்க்குள் தலையை விட்டிருந்தான். அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். விலாசத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள், திரும்ப வேண்டிய முனையையும் சொன்னாள். மேலே போய் விபத்துப் பதிவேட்டைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினாள். அவளுக்கு அழுகை வரவில்லை, படபடப்பு வரவில்லை. வரவில்லையே என்ற எண்ணம் மட்டும் வந்தது.

மத்தியானம் துறையிலிருந்து ஆட்கள் வந்து, தொழிற்சாலையின் கீழ்ப்பகுதி முழுக்கப் பூட்டி அரக்கு வைத்து, ஃபைலையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஃபைலில் செவ்வாய்க்கிழமைத் தாள் இருந்தது. கண் கழுவும் குழாய், தண்ணீர் வருகிறது, 9.10, சரி.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாமல் சும்மா கிடந்தாலாவது பரவாயில்லை, இந்தச் சுரைக்காய் சாட்சி சொல்லவே கிளம்பிவிட்டது. குழாயில் தண்ணீர் இருந்தது, தொழிலாளி குழாய்க்குப் போகவில்லை, கண்ணாடியும் போடவில்லை, ஆகவே அவன் கவனக்குறைவு. பிளம்பர் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள, ஆசிட் கொட்டினதைப் பார்த்துப் பயந்துபோய் அப்புறம்தான் வால்வை மூடினேன் என்றான். மேஸ்திரி, தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். இத்தனை வருஷம் சிரித்தவர்கள் எல்லாரும் இப்போது வாயை மூடிக்கொண்டார்கள்.

கொழுந்தனுக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணை ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். விபத்து நிறுவனத்தின் தவறு என்றால் நிறுவனமே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்ய வேண்டும், அது சட்டம். தொழிலாளியின் கவனக்குறைவு என்றால் ஆபரேஷனும் இல்லை, வேலையும் இல்லை, அதுவும் அதே சட்டம்தான். அவர்களாகச் செய்துகொள்ள வீட்டை விற்கலாம் என்றால் வீடு வாடகை வீடு. ஆக, மிச்சமிருக்கிற ஒரு கண் இப்போது அந்தத் தாளில் இருந்தது.

ஓரகத்தி நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்துச் சொட்டு விட்டாள். சொட்டு விடும்போது கை நடுங்காது, மூடியைத் திருகும்போதுதான் நடுங்கும். சோறு போடும்போது திட்டினாள்.

"தண்ணி வந்துச்சுன்னு எழுதியிருக்கானாமே, அக்கா. பார்க்காம எழுதுவானா ஒருத்தன்? அந்தக் கை விளங்குமா? அவன் நல்லா இருப்பானா?"

அண்ணி சோற்றைப் பிசைந்தாள். அறைக்குள்ளிருந்து கொழுந்தன் குரல் வந்தது.

"அந்த மேஸ்திரி எழுதற தாள்தானே அது. அண்ணி வாங்கி அடுக்கி வைக்கிறதோட சரி. சாப்பிட விடு அவங்களை."

அவன் பொய் சொல்கிறான் என்று அண்ணிக்குப் புரிய ஒரு வாய் சோறு உள்ளே போக வேண்டியிருந்தது. அவனை நிமிர்ந்து பார்த்தாள். கட்டுப் போட்ட முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, துறை எழுதி வாங்கின வாக்குமூலங்களின் நகல் தொழிற்சாலைக்கு வந்தது. அதற்கென்று திறந்த புது ஃபைலில் போட வேண்டியது அவள் வேலை. கொழுந்தனுடையதும் இருந்தது. படித்தாள். ஒன்பதாவது கேள்வி: மேற்படி தாள் எப்போது எழுதப்பட்டது என்று தெரியுமா? பதில்: தெரியாது, அன்றைக்குக் காலையில் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள்.

சனிக்கிழமை தவறாமல் படிக்குக் கீழே நின்று கேலி பண்ணுகிறவன். சனிக்கிழமை எழுதினது என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கண் அவன் பக்கம் வந்திருக்கும். ஜெயில் அண்ணி பக்கம் வந்திருக்கும். கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து, அவன் யோசித்துச் சொன்ன பதில் அது. அண்ணி அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தாள். துளை போட்டு ஃபைலில் மாட்டினாள்.

சாயங்காலம் முதலாளி அவளைக் கூப்பிட்டார். மறுநாள் அவளுடைய விசாரணை.

"உக்காருங்க அண்ணி. நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லல. தாள்ல என்ன இருக்கோ அதை அப்படியே சொல்லிட்டு வந்துடுங்க."

"தாள்ல தண்ணி வருதுன்னு இருக்கு சார்."

"அதைத்தான் சொல்றேன். அது பொய்னு நீங்க சொன்னா, எழுதினது யாருன்னு அடுத்த கேள்வி வரும். வாசல்ல யார் பேரு மாட்டியிருக்கு? என் பேரா?" குரலைத் தாழ்த்தினார். "உங்க கொழுந்தனுக்கு வேற ஏதாவது வழி பண்ணுவோம். வாட்ச்மேன் வேலை மாதிரி ஏதாவது."

"கண்ணு தெரியாம எப்படி சார் வாட்ச்மேன்?"

கேலியாக அவள் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. "யோசிச்சுப் பேசுங்க" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

மேலே வந்து மேஜை இழுப்பறையைத் திறந்தாள். வீட்டுக்குக் கிளம்ப மூக்குக் கண்ணாடியை எடுக்கத்தான் திறந்தாள். போன வாரத்துத் தாள்கள் நாலு அடியில் கிடந்தன. புதன், வியாழன், வெள்ளி, சனி. பூட்டுப் போட்ட பிறகு செருக ஃபைலும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. முதலாளிக்கும் ஞாபகம் இல்லை. பழக்கமாகிப்போன பொருள் யார் கண்ணுக்குத் தெரியும்? அண்ணி நாலையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். தைரியம் வந்தது என்றெல்லாம் சொல்வதற்கில்லை. அவளுக்கு எதுவுமே வரவில்லை. வைத்தாள், அவ்வளவுதான்.

விசாரணை அதிகாரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையான மனிதர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"இந்தத் தாள் உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"ஒன்பது பத்துக்குக் குழாயில தண்ணி வந்துச்சு?"

"தெரியாது சார். நான் பார்க்கல. இது சனிக்கிழமை எழுதினது."

அவர் டைப் செய்வதை நிறுத்தினார். "எது?"

"செவ்வாய்க்கிழமைத் தாள். முந்தின சனிக்கிழமையே எழுதிட்டேன். எல்லா வாரமும் அப்படித்தான்."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். இரக்கமாகத்தான் பார்த்தார்.

"அவர் உங்க கொழுந்தன், இல்லையாம்மா? ஒரே வீடு. உங்க கஷ்டம் புரியுது. ஆனா இப்ப நீங்க இப்படிச் சொன்னா, சொந்தக்காரருக்காகச் சொல்றீங்கன்னுதான் கம்பெனி வக்கீல் சொல்லுவார். நானும் அப்படித்தான் நினைக்க வேண்டியிருக்கும்."

பதினேழு வருஷம் பார்க்காமல் எழுதினதை ஒருத்தர் சந்தேகப்பட்டதில்லை. முதல் தடவையாக வாயைத் திறந்து உண்மை சொன்னால் நம்ப ஆளில்லை. அண்ணி கைப்பையிலிருந்து நாலு தாள்களை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீங்க பூட்டுப் போட்டீங்க சார். சனிக்கிழமை வரைக்கும் உள்ள யாரும் போகல."

அதிகாரி புதன்கிழமைத் தாளை எடுத்தார். அரக்கு வைத்துப் பூட்டின கூடத்தில் காற்று வெளியேற்றும் விசிறி ஓடியிருந்தது, சரி. வியாழக்கிழமை கிடங்கில் இருபத்தேழரை டிகிரி. வெள்ளிக்கிழமை அரை டிகிரி கூடுதல். நாலு நாளும் ஒன்பது பத்துக்குக் கண் கழுவும் குழாயில் தண்ணீர் வந்திருந்தது. நாலிலும் கையெழுத்து. அவர் ஐம்பத்தெட்டு வரிகளையும் விரல் வைத்துப் படித்தார். நாலு தாளையும் படித்துவிட்டு மேஜைமேல் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எத்தனை வருஷமா?"

"பதினேழு."

"இதுல எது நிஜம்?"

அண்ணி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "கையெழுத்து" என்றாள்.

"இதுக்கு அப்புறம் உங்க மேல கேஸ் வரும், தெரியுமில்ல? நான் நினைச்சாலும் நிறுத்த முடியாது."

"தெரியும் சார். ஆலோசகர் சொல்லியிருக்கார்."

"உங்க கொழுந்தனுக்குத் தெரியுமா, நீங்க இப்படிச் சொல்லப் போறீங்கன்னு?"

"தெரியாது. தெரிஞ்சா விட்டிருக்க மாட்டான்."

எல்லாவற்றையும் டைப் செய்து, மூன்று பிரதி எடுத்து, அவள் பக்கம் நகர்த்தினார். பேனாவைத் திறந்து கொடுத்தார். "படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. தேதி மட்டும் திங்கட்கிழமைன்னு போட்டுடுங்கம்மா. மேலதிகாரி லீவு, அவர் திங்கட்கிழமைதான்..."

சொல்லும்போதே அவர் குரல் பாதியில் நின்றுவிட்டது. அண்ணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் மேஜைமேல் கிடந்த நாலு தாள்களைப் பார்த்தார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை சார்."

"ஆமா. வெள்ளிக்கிழமைன்னே போடுங்க."

போட்டாள். நேரம் எழுதுகிற கட்டத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 11.52 என்று எழுதினாள். அவளுக்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்து அதிகாரியே குடித்தார்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. கொழுந்தன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஓரகத்தி மருந்துப் பாட்டிலோடு நின்றாள். இரண்டு மணிச் சொட்டு. அண்ணி செருப்பைக் கழற்றினாள், கைப்பையை ஆணியில் மாட்டினாள், அவர்கள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அந்தத் தாளை எழுதினது மேஸ்திரி இல்ல. நான்தான். பார்க்காம எழுதினேன். இன்னைக்கு அவங்ககிட்டச் சொல்லிட்டேன்."

"அண்ணி!" என்று கொழுந்தன் கத்தினான். "யாரு உங்களைக் கேட்டாங்க? ஏன் சொன்னீங்க? ஒரு கண்ணு போச்சு, போனது போச்சு. நீங்களும் உள்ள போனா அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

ஓரகத்தி கத்தவில்லை. அண்ணியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

அவன் பேசவில்லை.

"முதல்ல இருந்தே தெரியுமா?"

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஓரகத்தி பாட்டிலின் மூடியைத் திறந்தாள், அவன் தலையை நிமிர்த்தினாள், ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாமல் விட்டாள். மூடியைத் திருகினாள். இந்தத் தடவை கை நடுங்கவில்லை. "ஆபரேஷன் பண்ணுவாங்களா?" என்று அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"பண்ணித்தான் ஆகணும். அதிகாரி எழுதிட்டார். திங்கட்கிழமை கடிதம் வரும்."

"சரி" என்றாள் ஓரகத்தி.

அண்ணி தன் அறைக்குப் போய்ப் படுத்தாள். தூக்கம் வரவில்லை, யோசனையும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். சாயங்காலம் ஆனது. சமையலறையில் விளக்கு போடுகிற சத்தம், பாத்திரம் எடுக்கிற சத்தம், அரிசி டப்பாவைத் திறக்கிற சத்தம். அந்த வீட்டில் மூன்று பேருக்கு மூன்று டம்ளர் அரிசி. அண்ணி படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளர் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது.

அண்ணி எழுந்து உட்கார்ந்தாள். நெஞ்சில் வலித்தது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக, யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல வலித்தது. கூப்பிட அந்த வீட்டில் அவளுக்கு வாய் வரவில்லை.